மயங்கிய உடல் தரும் மறுமொழி

சித்தூரும் திருப்பதியும் தமிழர்களுக்கு அயலூர்கள் அல்ல. தமிழகத்தின் வட எல்லையாகப் பண்டை நூல்கள் குறித்தது வேங்கட மலையையே. அண்மைக் காலத்திலும், 1911-ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர்தான். அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. வரைபடத்தில் கோடுகள் பலமுறை மாறினாலும் நோயாளிகளின் பயணம் மட்டும் மாறவில்லை. சித்தூர்க்காரர்கள் வேலூருக்கு வருகிறார்கள். திருத்தணியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் திருப்பதிக்குச் செல்கிறார்கள். இவ்வெல்லைப் பகுதியின் பெரிய மருத்துவமனைகளில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன.

அத்தகைய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மூளைக் காய்ச்சலோ, தலைக்காயமோ, இரத்தக் குழாய் வெடிப்போ தாக்கிய ஒருவர் நினைவிழந்து கிடக்கிறார். தொண்டைக் குழாய் வழியே செயற்கைச் சுவாசக் கருவி அவருக்காக மூச்சு விடுகிறது. கூப்பிட்டால் விழிப்பதில்லை. விழித்தாலும், குழாய் இருப்பதால் வாய் பேச இயலாது. வெளியே காத்திருக்கும் உறவினர் கேட்பது ஒரே கேள்வி: "பிழைப்பாரா?" அதற்கு விடை தேடும் மருத்துவர் விலையுயர்ந்த யந்திரங்களிடம் முதலில் போவதில்லை. ஒரு சிறு விளக்கைக் கண்ணில் காட்டுகிறார். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடுகிறார். தலையை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். சளியை உறிஞ்சும் குழாயை உள்ளே செலுத்தும்போது இருமல் வருகிறதா என்று கவனிக்கிறார்.

இவை யாவும் அனிச்சைச் செயல்களைச் சோதிக்கும் முறைகள். நம் விருப்பத்தைக் கேளாமல், தூண்டுதல் கிடைத்தவுடன் நரம்பு மண்டலம் தானாகவே தரும் மறுமொழிக்கு அனிச்சைச் செயல் என்று பெயர். தூசி பட்டால் இமை மூடுவதும், சுடுபாத்திரம் பட்டால் கை பின்வாங்குவதும் அவ்வகையைச் சேர்ந்தவை. பேசவியலாத நோயாளியின் நிலையை அறிய இந்த மறுமொழிகள் எவ்வாறு சாட்சிகளாயின, அச்சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை வரலாற்று முறையில் காண்பது இப்பேச்சின் நோக்கம்.

இவ்வரலாறு ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்குமுன் தொடங்குகிறது. எடின்பரோ நகரத்து மருத்துவர் ராபர்ட் விட் என்பார் 1751-இல் வெளியிட்ட நூலில், ஒளி பட்டவுடன் கண்பாவை சுருங்குவதை ஆராய்ந்து எழுதினார். ஒளிக்குப் பாவை சுருங்காத ஒரு குழந்தை இறந்தபின் அதன் மூளைக்குள் ஒரு நீர்க்கட்டி அழுத்தியிருந்ததை அவர் கண்டார். உள்ளே நேர்ந்த கேட்டை வெளியே தெரியும் ஒரு சிறு அசைவு காட்டிக் கொடுக்கும் என்ற உண்மை அங்கே புலப்பட்டது. 1833-இல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கில மருத்துவர், இத்தகைய செயல்கள் மனத்தின் கட்டளையின்றித் தண்டுவடத்தின் வழியாகவே நிகழ்வன என்று நிறுவினார்.

அடுத்த நூறாண்டில் இத்துறை விரைவாக வளர்ந்தது. முழங்காலின் கீழுள்ள தசைநாணைத் தட்டினால் கால் துள்ளுவதை ஜெர்மானியர்களான எர்ப், வெஸ்ட்பால் இருவரும் 1875-இல் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் தனித்தனியே வெளியிட்டனர். பாரிஸ் நகரத்து பாபின்ஸ்கி 1896-இல், உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழுமானால் மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை பழுதுபட்டிருக்கிறது என்று சுருக்கமாக அறிவித்தார். இங்கிலாந்தின் ஷெரிங்டன், மூளையின் மேற்பகுதியைத் துண்டித்தபின் விலங்குகளின் கைகால்கள் விறைத்து நிற்பதை 1898-இல் விவரித்து, அனிச்சைச் செயல்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவின் ராபர்ட் பாரனியின் கதை சுவையானது. காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு திசையிலும், சூடாயிருந்தால் எதிர்த்திசையிலும் துடிப்பதை அவர் கண்டார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ருஷ்யர்களிடம் போர்க் கைதியாக இருந்தார். காது நோய்க்கென்று பிறந்த அச்சோதனை, இன்று ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளவரின் காதில் பனிநீர் விட்டு மூளைத்தண்டின் உயிர்ப்பை அறியப் பயன்படுகிறது.

மூளைத்தண்டு என்பது பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே கட்டைவிரல் பருமனில் அமைந்த உறுப்பு. அதன் மேற்பகுதியில் கண்பாவை சுருங்கும் செயலும், நடுப்பகுதியில் இமை மூடும் செயலும் விழிகளைப் பக்கவாட்டில் திருப்பும் செயலும், அடிப்பகுதியில் இருமலும் மூச்சும் அமைந்துள்ளன. ஒரு வீட்டின் மாடிகளில் எவ்வெவற்றில் விளக்கு எரிகிறது என்று தெருவிலிருந்தே அறிவதுபோல, எந்த மறுமொழி உள்ளது, எது இல்லை என்று வரிசையாகச் சோதித்தால் பழுது எந்த மட்டத்தில் என்று அறியலாம். மூளை வீக்கம் மேலிருந்து கீழாக அழுத்தும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக மறையும் முறையை நியூயார்க்கின் பிளம், போஸ்னர் இருவரும் 1966-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். மருத்துவ உலகில் அந்நூல் இன்றும் ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் 1952 வரையில் இவ்வறிவு நோயின் இடத்தைக் குறிக்கவே பெரும்பாலும் உதவியது. மூச்சு நின்றவர் மறுமொழி தருகிறாரா என்று நாட்கணக்கில் காத்திருக்கும் நிலையே அப்போது எழவில்லை. அவர் சிறிது நேரத்தில் இறந்துபோவார். அவ்வாண்டு கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவியது. தொடக்கத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்த 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அழுத்திக் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அழுத்தினார்கள். மரணம் வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அமைப்பே அங்கிருந்துதான் உருவாயிற்று.

கருவி மூச்சைத் தாங்கிய பின்னர் மருத்துவர்கள் அதுவரை கண்டிராத ஒரு நிலையைக் கண்டார்கள். இதயம் துடிக்கிறது, உடல் சூடாக இருக்கிறது, ஆனால் மூளைத்தண்டின் ஒரு மறுமொழியும் இல்லை. மொல்லாரே, கூலோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1959-இல் இதனை 'மயக்கத்துக்கு அப்பாற்பட்ட நிலை' என்ற பொருளில் பெயரிட்டு விவரித்தனர். 1968-இல் ஹார்வார்டு பல்கலைக்கழகக் குழுவும், 1976-இல் பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகளின் மாநாடும் மூளைச்சாவை அறியும் விதிகளை வகுத்தன. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்றுக்கொண்டது. நால்வர் அடங்கிய மருத்துவக் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே அதை உறுதிசெய்ய வேண்டும்.

நம் பகுதியின் பங்கையும் இங்கே கூறவேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். நரம்பு அறுவை சிகிச்சைக்கென இந்தியாவில் ஏற்பட்ட முதற் பிரிவு அது. மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். 1955-இல் வேலூர் வட்டாரத்தில்தான் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதல் அடையாளங் காணப்பட்டது. வெப், பெரேரா என்ற இரு மருத்துவர்கள் வட ஆர்க்காட்டுக் குழந்தைகளிடம் கண்ட நோய்க்குறிகளை 1956-இல் விவரித்து எழுதினார்கள். வலிப்பும் ஆழ்ந்த மயக்கமுமாக வந்து சேரும் குழந்தையின் கண்பாவையையும் கைகால் விறைப்பையும் நாள்தோறும் கவனித்துக் குறித்துவைப்பது அப்போதே மருத்துவரின் தலையாய பணி. திருப்பதியில் 1960-இல் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவக் கல்லூரியும், 1993-இல் தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகமும் தோன்றின. மக்கள் பின்னதை ஸ்விம்ஸ் என்றே சொல்கிறார்கள். தொலைவான நகரங்களுக்கு ஓடாமல் நரம்பியல் சிகிச்சை பெறும் வாய்ப்பு ராயலசீமைக்கு இவ்வாறு கிட்டியது.

மருத்துவர் ஒருவர் குறித்ததை மற்றொருவர் அதே பொருளில் புரிந்துகொள்ள ஓர் அளவுகோல் வேண்டும். 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னட் இருவரும் கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றுக்கும் எண்கள் கொடுத்தனர். கூட்டுத்தொகை 3 முதல் 15 வரை அமையும். உலகெங்கும் பரவிய இவ்வளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. தொண்டைக் குழாய் உள்ளவர் பேசமுடியாது. ஆகவே பேச்சுக்குரிய மதிப்பை அறியவே வழியில்லை. இக்குறையை நீக்க 2005-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வைடிக்ஸ் குழுவினர், பேச்சை விலக்கி, கண், உடலசைவு, மூளைத்தண்டு அனிச்சைச் செயல்கள், மூச்சு என நான்கு பிரிவுகளுக்கும் தலா 4 மதிப்பெண் கொண்ட 16 புள்ளி அளவுகோலை வகுத்தனர். கருவி தரும் மூச்சுக்கு மேலாக நோயாளி தாமாக மூச்சிழுக்க முயல்கிறாரா என்பதையும் அது கணக்கில் கொள்கிறது.

இனி, மறுமொழிகள் மீட்சியை எந்த அளவுக்கு முன்னறிவிக்கும்? இதயம் நின்று மீண்டவர்கள் உட்பட, மூளைக்கு உயிர்வளி எட்டாமையால் மயங்கிய 210 பேரைப் பற்றி லெவி குழுவினர் 1985-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். முதற் சோதனையிலேயே கண்பாவை ஒளிக்குச் சுருங்காதிருந்தவர்கள் 52 பேர். அவர்களுள் ஒருவர்கூடப் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு மீளவில்லை. பிரான்சு நாட்டின் ஷர்ஷார் குழுவினர் 2011-இல் மயக்க மருந்து பெற்ற நோயாளிகளை ஆராய்ந்து, இருமல் மறுமொழி இல்லாமையை மரணத்தோடும், தலையைத் திருப்பும்போது விழிகள் எதிர்த்திசையில் நகராமையைப் பின்னாளைய மனக்குழப்பத்தோடும் தொடர்புபடுத்தினர். சளியை உறிஞ்சும்போது நேற்றுவரை அசையாதிருந்தவர் இன்று இருமினார் என்று இரவுப் பணிச் செவிலி எழுதிவைக்கும் ஒரு வரிக்குள்ள மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

இத்தனையும் கேட்டபின், மறுமொழி மறைந்தால் நம்பிக்கையும் மறைந்தது என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு தவறு என்பதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வயல்வெளிகளிலேயே சான்று உண்டு. அதுதான் கட்டுவிரியன். தெலுங்கர் இதனைக் கட்லபாமு என்பர். இதன் இனத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரான 'பங்காரஸ்' என்பதும், பொன்னிறப் பட்டைகளுடைய ஒருவகைப் பாம்புக்குத் தெலுங்கர் வழங்கிய பங்காரு பாமு என்ற பெயரிலிருந்து வந்ததே. இரவில் தரையில் உறங்குபவரை இது கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. விடியுமுன் இமைகள் கனத்து மூடும்; விழுங்குதல் நிற்கும்; மூச்சு நிற்கும். கண்பாவை விரிந்து ஒளிக்கு அசையாதிருக்கும். இருமலும் தசைநாண் துள்ளலும் மறையும். பார்ப்போருக்கு மூளை இறந்ததாகவே தோன்றும். உண்மையில் மூளை விழித்திருக்கிறது. நஞ்சு தாக்கியது நரம்பும் தசையும் கூடும் முனையை மட்டுமே. சேதமுற்ற நரம்பு முனைகள் மீண்டும் வளரச் சில நாட்களோ, சில வேளை சில வாரங்களோ ஆகும். அதுவரை கருவி மூச்சளித்தால் அம்மனிதர் எழுந்து நடக்கக்கூடும்.

செயற்கைச் சுவாசம் பாம்பு நஞ்சுற்ற உயிரை நீட்டிக்கும் என்ற எண்ணம் இந்நாட்டிலும் பழையது. 1870-களில் ஜோசப் பேயரர் என்ற மருத்துவர் பிரண்டன் என்பவரோடு சேர்ந்து விலங்குகளிடம் இச்சோதனைகளைச் செய்து எழுதியுள்ளார். அன்று அதை நோயாளிக்கு நாட்கணக்கில் தொடர்ந்து அளிக்கும் வசதி இருக்கவில்லை. இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் அவ்வசதி உண்டு. ஆனால் மறுமொழி இல்லை என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்லிக் கருவியை நிறுத்தினால், பிழைக்கக்கூடிய ஒருவர் தம் காதால் அத்தீர்ப்பைக் கேட்டுக்கொண்டே இறக்க நேரிடும்.

கட்டுவிரியன் மட்டுமன்று. கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் 1916-இல் பிரெஞ்சுப் படைவீரர் இருவரிடம் கண்டு விவரிக்கப்பட்டது. அதில் கைகால்களின் தசைநாண் மறுமொழிகள் மறைந்துவிடும். அறிவு தெளிவாகவே இருக்கும். பெரும்பாலோர் மீண்டு நடப்பர். பூச்சிமருந்து அருந்தியவர்கள் சிலர் முதல் ஆபத்தைக் கடந்தபின், ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் மூச்சுத் திணறுவதை இலங்கை மருத்துவர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987-இல் தனி நோய்க்குறியாக விவரித்தனர். தலையைத் தலையணையிலிருந்து தூக்க இயலாமையே அதன் முன்னறிவிப்பு. கருவியின் துணை இருந்தால் அவர்களும் மீள்வர். அவ்வாறே, பூச்சிமருந்து நஞ்சுக்கு அளிக்கும் அட்ரோபின் கண்பாவையை விரிக்கும். அபின் சார்ந்த மருந்துகள் அதை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கும். மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் உடற் குளிர்ச்சியும் மறுமொழிகளை அடக்கும். 2002-இல் இதயம் நின்றவர்களின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பரவியபின் பழைய கணிப்புகள் சில பொய்த்தன. ஆகவே இன்றைய விதிகள் குறைந்தது 72 மணி நேரம் காத்திருக்கவும், ஒரே குறியை நம்பாது பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கவும் கூறுகின்றன.

எதிர்ப்பக்கத்து மயக்கமும் உண்டு. முழங்கால் துள்ளலும் கால் விரல் அசைவும் தண்டுவடத்தோடு முடிந்துவிடக்கூடியவை. மூளைத்தண்டு இறந்தபின்னும் அவை தோன்றக்கூடும். அரிதாகக் கைகள் உயர்ந்து மார்பின்மேல் வருவதும் உண்டு. பாதத்தைத் தொட்டபோது கால் இழுத்துக்கொண்டதைக் கண்ட தாய், மகன் தன்னை அறிந்துகொண்டான் என்று எண்ணுவது இயல்பு. அதைப் பொறுமையோடு விளக்கிச் சொல்வதும் மருத்துவரின் கடமையே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு இது. அனிச்சைச் செயல் ஒரு சாட்சி. அது நீதிபதி அன்று. நோயின் காரணம் தெரிந்திருந்து, மருந்துகளின் மயக்கம் நீங்கி, ஒரே சோதனை மீண்டும் மீண்டும் செய்யப்படும்போதுதான் அதன் சொல்லுக்கு வலு உண்டு. ஒருநாள் கண்டதைக்காட்டிலும், மூன்று நாட்களில் மறுமொழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றனவா, ஒவ்வொன்றாக விலகிச் செல்கின்றனவா என்பதே மிகுதியும் கூறும்.

பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழர் ஒருவருக்கு நள்ளிரவில் ஊரிலிருந்து இத்தகைய செய்தி வரலாம். அல்லது அவர் வாழும் வேற்று மொழி நகரிலேயே தம்மவர் ஒருவர் கருவியில் கிடக்க நேரலாம். அப்போது "பிழைப்பாரா?" என்ற கேள்வியோடு வேறு சில கேள்விகளையும் கேட்கத் தெரிந்திருப்பது நலம். மயக்கத்தின் காரணம் இன்னதென்று உறுதியாயிற்றா? பாம்புக்கடி, நஞ்சு, நரம்பு வாதம் ஆகியவை விலக்கப்பட்டனவா? மயக்க மருந்து நின்று எத்தனை மணி நேரமாயிற்று? கண்பாவை, கருவிழி, இருமல், தாமே மூச்சிழுத்தல் ஆகியவை நேற்று எப்படி, இன்று எப்படி? இவற்றைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. நல்ல மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கும் விடைகளே இவை. அவற்றை அறிந்து எடுக்கும் முடிவு, சிகிச்சையைத் தொடர்வதாயினும், உறுப்புகளைத் தானம் செய்வதாயினும், பிற்காலத்தில் அக்குடும்பத்தின் மனத்தை உறுத்தாது.